நாலு விரல் நீளம்

கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டி
பாப்பச்சன் ஒர்க்‌ஷாப்பில்
செயின் பிளாக்கில் தொங்கியது
கவிழ்ந்த டெம்போவிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின்.

பழைய பெட்ரோல் இன்ஜினைவிட நாலு விரல் நீளம்.
ரேடியேட்டரை முன்னே தள்ளினோம்.
மவுண்டிங்கை அறுத்தோம்.
கியர்பாக்ஸ் வாயோடு பொருந்தவே இல்லை.
பிளேட் ஒன்று கடைய வேண்டும், ரெண்டே நாள் என்றான்.
ஐந்து நாள் ஆயிற்று.
ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் பெட்ரோல்தான்.

ஆறாம் நாள் விடிகாலை நாலரை,
புதுப்பட்டி விலக்கில்
உறுமவிட்டபடி காத்திருந்தேன்.
ஏலக்காட்டுக் களையெடுப்புக்குப் பதினொரு பேர்.
ஒரு டார்ச்கூட அசையவில்லை.

ஹார்ன் அடித்த பிறகுதான்
தூக்குவாளியோடு எட்டிப் பார்த்தாள் ஒச்சம்மா:
“நீதானா?
உன் ஜீப்பு இருமிக்கிட்டுல்ல வரும்.
பாரஸ்ட்காரன்னு நெனச்சு
வெளக்க அமத்திட்டோம்.”

எப்போதும் மூச்சு முட்டும் வளைவில்
ஃபோர்வீல் கம்பியைத் தொடாமலே ஏறினேன்.
சக்கரத்துக்குக் கல் வைக்க
ஒருத்தியும் இறங்கவில்லை.

பின்னால் வாய்கள் அசைவது
கண்ணாடியில் தெரிகிறது.
யார் வீட்டில் சண்டை,
யார் நகை அடகில்,
எவள் என்னைத் திட்டுகிறாள்,
ஒன்றும் கேட்கவில்லை
இந்தச் சத்தத்தில்.