சேருமிடம்

பீன்யாவில், பேரிங் கடைக்கு மேல் எங்கள் ஆபீஸ்.
ஏழு பேர், ஒரு ஜன்னல்.
சூரியனைச் சுற்றும் கற்களுக்கு
நான் பஸ் அட்டவணை போடுகிறேன்:
எது எந்த மாசம் நம் பக்கம் வரும்,
எதில் தொற்றினால்
செவ்வாய்க்குப் பக்கத்தில் இறங்கலாம்.

முதல் வாரமே இஷ்ரத் கேட்டாள்,
வாணியம்பாடிக்காரி, சுற்றி வளைக்கமாட்டாள்:
"ஓடுற லாரியில ஏற
லாரி வேகத்துக்கு நீ ஓடணும்.
அப்படி ஓட முடிஞ்சவளுக்கு
லாரி எதுக்குடி?"

கயிறு வீசலாம் என்றேன்.
கணக்குப் போட்டோம்.
நொடிக்கு ஒன்பது கிலோமீட்டர் வித்தியாசம்.
கயிறு அறும். அறாவிட்டால்
நாம் அறுவோம்.

கொரகுண்டேபாள்யா மேம்பாலத்தில்
சிமெண்ட் லாரியின் பின்சங்கிலியைப் பிடித்தபடி
மிதிக்காமல் போகிறான் ஒரு சைக்கிள்காரன்.
பொறாமையாக இருந்தது.
சிக்னலில் நின்ற லாரியைப் பிடித்திருப்பான்.
என் கற்கள்
எந்த சிக்னலிலும் நிற்பதில்லை.

ஏப்ரல்.
போர்வெல் வற்றிப் பதினோரு நாள்.
ராத்திரி இரண்டே முக்காலுக்கு
நஞ்சப்பாவின் டேங்கர்
பின்பக்கமாக எங்கள் சந்துக்குள் நுழைகிறது.
மூன்றாம் மாடி பல்புகள் எரிகின்றன.
வாலிலிருந்து கசிந்த ஈரக்கோட்டை
நாய் ஒன்று நக்கிக்கொண்டே வருகிறது,
வளைவு வளைவாக,
லாரி போன வேகத்துக்கே.

பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு
அந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நைட்டி முழுக்க நனைந்தது.

காலையில் இஷ்ரத்திடம்:
"சரி, நாமே ஓடுவோம்.
ஒரு சொட்டு எரிபொருளும் மிச்சமாகாது.
ஆனா கூடவே ஓடுற கல்லுக்குள்ள பனி இருக்கு.
ரெண்டு வருஷத்துக்குக் குடிக்கலாம்.
சூரியன் சீறினா
தோண்டிப் பதுங்க நாலு ஆள் ஆழம் இருக்கு.
அத்தனையையும் இங்கேருந்து
யாரும் தூக்கிட்டுப் போகவேண்டாம்."

"அப்ப வண்டி இல்லை."

"இல்லை. வழித்துணை."

அவள் டீயை ஆற்றினாள்.
"இறங்க மறந்து தூங்கிட்டா?"

"அடுத்த சுற்று பதினாறு வருஷம்."

"எங்க ஊர் பஸ்ஸுக்கு இது தேவலை" என்றாள்.

என் நோட்டில் முதல் பத்தியின் தலைப்பு
'ஏறுமிடம்' என்றிருந்தது.
அடித்துவிட்டு
'சேருமிடம்' என்று எழுதினேன்.
கடைசிப் பத்தியின் தலைப்பும் அதுதான்.
இரண்டையும் மாற்றவில்லை.

வீட்டிலிருந்து போன்:
டேங்கர் இன்றைக்கு வராதாம்.