மெழுகு

காலை ஆறரை. நீர்வேலிச் செம்மண்ணில்
வெங்காயத்துக்கு முப்பத்தெட்டாம் நாள்.
முதுகில் பதினாறு லீற்றர் மருந்து.
இடக்கை பம்ப் அடிக்க வலக்கை விசிறுகிறது.
வாய்க்கால் வரம்பு நனைந்துவிட்டது,
என் கணுக்கால் நனைந்துவிட்டது.
வெங்காயத்தாள் மட்டும்
நனையவேயில்லை.

இந்தக் கிழமை மூன்றாம் தரம்.
மருந்து பிழை என்றான் கடைக்காரன்,
விலைகூடின போத்தலை எடுத்து வைத்தான்.
"புழு குளிச்சிட்டுப் போகுது" என்றான்
பக்கத்துத் தோட்டத்துச் சிவகடாட்சம்.

கம்பஸ் லீவில் வந்து நின்ற மச்சாள் பிருந்தாயினி
மண்கட்டி ஒன்றை முட்டுக்கொடுத்து
கைபேசியைத் தாளருகே நிறுத்தினாள்.
"ஒரு சொட்டு மட்டும் விடுங்கோ, அத்தான்."

பிறகு இருவரும் குனிந்து பார்த்தோம்,
இமை மூடித் திறக்குமுன் முடிந்துபோனதை
ஒரு நிமிட நீளத்தில்.

சொட்டு வருகிறது.
தாளில் பட்டதும் தோசை மாவாய்ப் பரவுகிறது,
விளிம்பு தடிக்கிறது,
நிற்கிறது
எதையோ மறந்து வந்ததுபோல.
பிறகு தன்னைத் தானே பொறுக்கிக்கொண்டு
நடுவே கூடி, நெட்டையாகி,
எழும்புகிறது.
அடியில் வெளிச்சம் தெரிந்தது.
தாளுக்கும் மருந்துக்கும் நடுவில்
மயிரிழை அளவு விடியல்.

"மெழுகு," என்றாள்.
"கண்ணுக்குத் தெரியாத தறியள், நெருக்கி நட்டிருக்கு.
சொட்டு அந்த நுனியளில தான் நிக்குது, கீழ காத்து.
இலையில அது படவேயில்லை, அத்தான்."

இத்தனை நாளும் நான்
காற்றுக்குத்தான் மருந்தடித்திருக்கிறேன்.

ஒரு தாளைப் பெருவிரலால் அழுத்தித் துடைத்தேன்.
சாம்பல் பூத்த நீலம் போய்
வெறும் பச்சை மினுங்கியது.
அங்கே விட்ட சொட்டு
சப்பென்று ஒட்டிக்கொண்டது. திரும்ப எழும்பவில்லை.

வேலிக்கு அப்பால் போயிலை.
அதுவும் கரடுதான், மயிர் மயிராய்,
ஆனால் சொட்டைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்கிறது.
கரடு எல்லாம் ஒரே கரடில்லை.

சவர்க்காரத்தூள், தேக்கரண்டியில் அரைவாசி.
கலக்கி அடித்தேன்.
இந்த முறை சொட்டு பரவிக் கிடந்தது, மினுக்கமாய்,
தாளோடு தாளாய்.
"சரிவந்திட்டுது!" பிருந்தாயினி கைதட்டினாள்.
கிணற்றடியில் நெடுநேரம் கழுவினேன்.
என் முழங்கைக்கும் இனி
அது இலேசில் விடாது.

இரவு கைபேசியில் இடம் முடிந்துபோயிற்று.
ஒன்றை அழிக்க வேண்டும்.
பயன்பட்டதை அழித்தேன்.
எழும்பிப் போனதை இன்னொரு தரம் ஓடவிட்டேன்.
"என்னப்பா பார்க்கிறியள்?" என்றாள் மனிசி.
"ஒண்டுமில்லை. படு."

மறுநாள் பனி.
நாலு பரப்பிலும், அடிக்காமல் விட்ட பாத்திகளில்,
தாள்தோறும் உருண்டை உருண்டையாய்.
ஒரே ஒரு தாளில்
பெருவிரல் வடிவில்
ஈரம்.