மூன்றாம் வருட நாற்காலி

விமானத்தில் வந்தது அந்தக் கட்டு.
ஈரச் சாக்கில் நாற்பது வில்லோக் குச்சிகள்,
ஒவ்வொன்றும் பேனா கனம்.
"நட்டுப் பின்னினால் நாற்காலி" என்றாள் மேடம்.
"உயிருள்ளது. இலை விடும்."

அல் ஐனில், ஜிமி பக்கம், சுவர் மூலை வில்லா.
தாளில் இருந்ததை ஆசீர் படித்துச் சொன்னான்:
முதல் வருடம் தண்ணீர்,
இரண்டாம் வருடம் முடிச்சு,
மூன்றாம் வருடம் உட்காரலாம்.
என் விசா இரண்டு வருடம்.

பிப்ரவரியில் லாட வடிவக் குழி.
முதுகுக்குப் பதினெட்டு, கைகளுக்கு ஆறு ஆறு,
மீதி இருக்கைக்கு.
மார்ச்சில் இலை, நெத்திலி மாதிரி,
அடிப்பக்கம் வெள்ளி.
காப்பிக் கோப்பையோடு வந்து
தினமும் குனிந்து பார்த்தாள்.

ஜூனில் குழாய்த் தண்ணீரே கையைச் சுட்டது.
நிழல்வலை கட்டினேன். ராத்திரியில் ஊற்றினேன்.
நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இல்லை,
டீத்தூள் நிறம்.

மேடம் லீவில் இருந்தாள்.
பின்னலைப் பிடுங்காமல்
ஒவ்வொரு குச்சிக்கும் பக்கத்தில்
ஒரு தமாஸ் போத்து ஊன்றினேன்.
வேலிக்கு நட்டு மிஞ்சியவை.
சாக்கடைக் குழாயைத் தேடிப்போய்க் குடிக்கும் என்று
ஃபோர்மேன் குல் ஸமான் திட்டுகிற மரம்.
செத்ததைப் பிடித்துக்கொண்டு ஏறியது.

சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிக் கட்டினேன்.
கம்பி கூடாது,
மரம் பருக்கும், கம்பி பருக்காது.
மாதம் ஒருமுறை அவிழ்த்து
ஒரு விரல் தளர்த்திக் கட்ட வேண்டும்.
எண்பத்திரண்டு கட்டு.
லீவு நாள் காலை அதற்கே போகும்.
குறுக்கே கிடந்த இரண்டு கிளைகள்
உரசி உரசித் தோல் தேய்ந்து
ஒருநாள் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்று.
எது எங்கிருந்து வந்ததென்று
கட்டிய எனக்கே தெரியவில்லை.

இருக்கை வருடம் ஒரு சாண் ஏறி
ஆளைத் தூக்கிவிடுமோ என்று பயம்.
சுவரில் ஆணியால் கோடு போட்டேன்.
உயர்ந்ததெல்லாம் நுனிதான்.
மடியாக வளைத்த இடம்
மடியாகவே நின்றது.

வேலை முடிந்தது முதலில் மேடத்துக்கு.
அட்டைப் பெட்டிகள் போனபின் வந்து நின்று
ஓர் இலையைத் தடவினாள்.
"வில்லோ இவ்வளவு தடியாகுமா?"
"ஆகும் மேடம்."

விசாவைப் புதுப்பித்தேன்.
கேட்டவர்களிடம் கடன் என்றேன்.
கடனும் இருந்தது.

மூன்றாம் வருடம், நவம்பர்.
முதலில் உர மூட்டை, ஐம்பது கிலோ.
அடுத்து ஆசீர், எழுபத்தெட்டு.
ஒரு முனகல், அவ்வளவுதான்.
கேட்டில் வாடகைப் பலகை ஆடிக்கொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.
முதுகெலும்புக்கு இடப்பக்கம்
ஒரு தளிர் குத்தியது.
கத்தரி பாக்கெட்டில்தான் இருந்தது.
கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்துகொண்டேன்.