மூன்றாம் மாடி, இடப்பக்கம்

ஸ்டுட்கார்ட், ஹெஸ்லாக்.
அக்டோபர் கடைசி நாள்.

பெயர் தெரியாத உங்களுக்கு:
சாவி இரண்டும் மின்மீட்டர் பெட்டிக்குள்.
திறக்கும்போது கதவைச் சற்றுத் தூக்குங்கள்.
எண்ணெய் விட்டுப் பயனில்லை,
கீலில் குறையில்லை, நிலைதான் இறங்கியிருக்கிறது.

ஜன்னலை முதலில் சொல்லிவிடுகிறேன்.
பாதி சாய்த்து நாளெல்லாம் விடாதீர்கள்.
சுவர்தான் குளிரும், காற்று மாறாது.
காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம்
எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து
பல்லைக் கடித்துக்கொண்டு நில்லுங்கள்.
ரைமுண்டுக்குச் சாய்த்த ஜன்னல்தான் பிடிக்கும்.
அதற்காக நாங்கள் போட்ட சண்டையிலேயே
ஒரு குளிர்காலம் வீடு சூடாக இருந்தது.

வடக்குச் சுவரோடு அலமாரியை ஒட்டாதீர்கள்,
நாலு விரற்கடை விடுங்கள்.
நாங்கள் விடவில்லை.
ஏழு வருடம் கழித்து நகர்த்தினால்
பின்னால் கறுப்பாக ஒரு கண்டமே வளர்ந்திருக்கிறது.
சுரண்டினால் தூளாகப் பறக்கும்.
ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள்,
ஜன்னல் திறந்திருக்கட்டும்,
அடுப்பு அணைந்திருக்கட்டும்.

இங்கே குழாய்த் தண்ணீரில் பாதி மலைதான்.
கெட்டிலுக்குள் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும்.
வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு,
அரை மணி நேரம்,
பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர் கொதிக்கவிட்டுக் கொட்டுங்கள்.
இல்லாவிட்டால் மூன்று நாளைக்குக் காப்பி ஊறுகாயாக இருக்கும்.
ஆனால் பளிங்கின் பக்கம் வினிகர் போகக் கூடாது.
கூடத்து ஜன்னல் விளிம்பில் ஒரு மங்கல் வட்டம் பார்ப்பீர்கள்.
ஒழுகிய பாட்டிலை அங்கே வைத்தவள் நான்.
அது போகாது. பூந்தொட்டி வையுங்கள்.

படுக்கையறை ரேடியேட்டர் இரவில் கொடகொடவென்று பேசும்.
உள்ளே காற்று. வேறொன்றுமில்லை.
சின்னச் சாவி ஆணியில் தொங்குகிறது.
கீழே கோப்பை பிடித்து மெல்லத் திருப்புங்கள்.
உஸ்ஸென்று மூச்சுவிடும்,
தண்ணீர் சொட்டியதும் மூடுங்கள்.
கோப்பை முக்கியம்.
அந்தத் தண்ணீர் மசிபோல இருக்கும்,
கம்பளத்தின் நடுவே பாருங்கள்.

துணி இயந்திரத்தை விட்டுவிட்டுப் போகிறேன்.
கீழ்மூடியைத் திறந்து, தட்டம் வைத்து,
வடிகட்டியைக் கழற்றுங்கள்.
நேற்று எடுத்தது:
இரண்டு சென்ட்,
ஒரு கொண்டை ஊசி,
முத்துப் பொத்தான் ஒன்று,
எங்கள் இருவர் சட்டையிலும் இல்லாத வகை.
மாதம் ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும் என்று
கையேட்டில் போட்டிருக்கிறது.
நான் பார்த்ததே இல்லை.

எதிர்வீட்டு ஹேபர்லே
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.
படிக்கட்டுக் கைப்பிடியில் விரலை ஓட்டி
விரலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார்.
கோபப்படாதீர்கள்.
போன பிப்ரவரியில், என் வாரத்தில்,
நான் படுக்கையைவிட்டு எழாத ஒன்பது நாளும்
வாசல் பனியை வாரியது யாரென்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
மண்வெட்டிச் சத்தம் மட்டும் ஆறரைக்கு.

பெருக்கும் வாரத்துப் பலகையை அவர் கதவில் மாட்டிவிட்டேன்.
சுற்றிச் சுற்றி உங்களிடமும் வரும்.
மேல்படியிலிருந்து கீழே துடைத்து வாருங்கள்.
தலைகீழாகச் செய்து
என் கால்தடத்தையே நான் துடைத்துக்கொண்டு போன
முதல் வருடத்தை இந்தக் கட்டடம் மறக்கவில்லை.

கடைசியாகச் சமையலறை.
மேல் அலமாரியின் விளிம்பில்,
நாற்காலி போடாமல் எனக்கு எட்டாத உயரத்தில்,
எண்ணெயும் தூசியும் உறைந்து
நாலு விரல் தடம் இருந்தது.
அவன் திறக்கும் இடம்.
வெந்நீர், பாத்திர சோப்பு,
பத்து நிமிடம் ஊறவேண்டும் என்பார்கள்.
அரை நிமிடத்தில் போய்விட்டது.
நாற்காலியில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.
பிறகு இறங்கித் துணியை அலசினேன்.
துடைத்த துணியையும் துவைக்கவேண்டும்,
பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மெக்டில்ட் ஹாக்

பி.கு.: படிகள் இன்னும் ஈரம்.
ஓரமாக ஏறி வாருங்கள்.