ஐந்தாவது போர்ட்

ஆப்பிள் வாங்கக் காசில்லை,
அதனால் ஆப்பிளை ஏமாற்றினோம்.
செவ்வாய்ப்பேட்டையில் ஒரு போர்டு,
யாரோ கழித்துப் போட்ட கிராஃபிக்ஸ் கார்டு,
பக்கவாட்டில் கண்ணாடி வைத்த பெட்டி.
யூனுஸ் எல்லாவற்றையும் பூட்டி முடித்து
"இனிமே நீ மேக்" என்று
அதன் தலையில் தட்டிச் சொன்னான்.
இரண்டு வருடம் அதுவும் நம்பிக்கொண்டுதான் இருந்தது.

நேற்று சாயங்காலம் எழுப்பியபோது
நாலு டெராபைட்டைக் காணவில்லை.
சௌடப்பன் வீட்டுக் கல்யாணம்
முகூர்த்தக்கால் முதல் மறுவீடு வரை
அதில்தான் கிடக்கிறது.

அவர் போனில் கத்தவில்லை.
"பாப்பாவுக்கு ஏழாம் மாசம் தம்பி.
வளைகாப்புக்கு வர்ற சனம்
கல்யாண வீடியோ கேக்கும்."
கத்தியிருக்கலாம்.

யூனுஸ் வந்தான். பெட்டியைப் படுக்கப் போட்டான்.
மே மாதத்து அம்மாபேட்டை,
இரவு பத்துக்கும் சுவர் அடுப்பாய்க் கொதிக்கிறது.
"கடைசியா என்ன மாத்தின?"
எந்த மெக்கானிக்கும் கேட்கிற முதல் கேள்வி.
"ஒண்ணுமில்ல" என்றேன்.

டேட்டா கேபிளை மாற்றினான்.
பவர் கேபிளை மாற்றினான்.
டிரைவின் மேல் காதை வைத்துக் கேட்டான்,
சுற்றுகிறது. உயிர் இருக்கிறது. பெயர்தான் இல்லை.
டிஸ்க் யுட்டிலிட்டியில் இல்லை,
பயாஸில் இல்லை,
எங்கே கேட்டாலும் அப்படி யாரும் இல்லை.

பழைய யூஎஸ்பி டாக்கில் செருகினோம்.
திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது:
படிக்க முடியவில்லை,
இனிஷியலைஸ் செய்யவா?
அழித்துப்போடவா என்பதை
இவ்வளவு மரியாதையாக
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
விரல் மவுஸில் இருந்தது.
யூனுஸ் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி
மேசையின் மறுபக்கம் வைத்தான்.
"இந்த டாக்குக்கு ரெண்டு டெராவுக்கு மேல எண்ணத் தெரியாது.
டிரைவ் மேல பழி போடாத."

கரண்ட் போனது. யூபிஎஸ் கூவியது.
இருட்டில் வியர்த்துக்கொண்டு
தட்டுவடை செட்டைப் பிரித்தோம்.
பீட்ரூட் சிந்தியது போர்டில் விழாமல் இருக்க
அவன் உள்ளங்கையை விரித்து ஏந்தியபோது,
செல்போன் வெளிச்சத்தில்
அதைப் பார்த்துவிட்டான்.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில்
சூயிங்கம் பட்டை அளவில்
புதிதாய்ப் படுத்திருந்தது ஒரு எம்.டூ.
பத்து மாதத் தவணை.
நேற்று மதியம்
நானே சொருகி நானே திருகியது.
அவனிடம் சொன்னால்
போன வருடம் வாங்கிய ஆறாயிரத்தை
ஞாபகப்படுத்துவான் என்று
சொல்லாமல் விட்டது.

அவன் ஆறாயிரத்தைக் கேட்கவில்லை.
போர்டோடு வந்த புத்தகத்தைத் தேடினான்.
இருபத்தேழாம் பக்கம், அடிக்குறிப்பு,
எறும்பு எழுத்து:
இரண்டாவது எம்.டூவில் ஆள் இருந்தால்
ஐந்தாவது, ஆறாவது போர்ட் வேலை செய்யாது.
உள்ளே பாதை ஒன்றுதான்.

கரண்ட் வந்தது.
ஐந்திலிருந்து பிடுங்கி மூன்றில் மாட்டினான்.
அவ்வளவுதான். அரை நிமிடம்.
டெஸ்க்டாப்பின் வலது ஓரத்தில்
ஆரஞ்சு நிறத்தில், எதுவும் நடக்காததுபோல
"சௌடப்பன் ஃபைனல்".

பெட்டியை மூடும்போது
நாலு ஸ்க்ரூவில் இரண்டைக் காணோம்.
"இருக்கட்டும், வளைகாப்பு முடியட்டும்" என்றான்.
அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.
அதுதான் உறைத்தது.

சரிபார்க்க ஏதோ ஒரு கிளிப்பைத் திறந்தேன்.
ஏற்காடு மலைப்பாதை, பதினாலாவது வளைவு.
மேலிருந்து பஸ் இறங்குகிறது,
கீழிருந்து கல்யாண வேன்.
மாலை கசங்காமல் ஜன்னலில் எட்டிப் பார்க்கிற பெண்.
ரோட்டில் இறங்கி நிற்கிறார் சௌடப்பன்,
பட்டு வேட்டியை மடித்துக் கட்டி,
உள்ளங்கையால் வேனின் முதுகைத் தட்டித் தட்டி:

"பின்னால வா... வா... வா...
இன்னும் கொஞ்சம்...
போதும். அது போகட்டும்."