குரிஞ்சா

உவர்மலையில் கரண்ட் போன இரவு.
ஒரே குடைக்குள் அவர்கள் பேசாமல் நிற்கும்போது
பின்னால் வந்த பாட்டுக்குப் பெயர் தெரியாது.
காதில் விழுந்தபடி எழுதித் தேடினேன்:
குரிஞ்சா, குரிஞ்சா.
போன் எனக்குக்
குறிஞ்சா இலை வறை செய்யச் சொல்லித் தந்தது.

மெட்டை முனகி
அன்சானில் இருக்கும் கஜீபனுக்கு அனுப்பினேன்.
நாலு வருசமாய் அங்கே இரும்பு வளைக்கிறான்.

"தெரியாதக்கா.
எனக்கு வந்த கொரியன் 'பல்லி, பல்லி'தான்.
கெதியாச் செய் எண்டு அர்த்தம்.
பாட்டில அது வராது."

சிரித்தோம். அவன் முதலில் நிறுத்தினான்.

ஒழுங்கையில் மான் ஒன்று
பாண் பையை மென்றுகொண்டிருந்தது.
சுவரில் பல்லி சொல்லிற்று.
எந்தத் திசை என்று பார்க்கவில்லை.

மெல்ல, என்றேன்.
மெல்ல.