எடைப்பாலத்தில் ஏழாம் அத்தியாயம்

இரவு ஷிப்டில் ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவே
பதினோரு நிமிடம் கிடைக்கும்.
அதற்குள் ஒரு வளைகோட்டை வலப்பக்கம் நகர்த்தி
மறுபடி பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்துவிடலாம்.

பஹாவிலிருந்து பதினான்கு கிலோமீட்டர்,
செம்பனை ஆலையின் வாசல்,
சன்னல் வைத்த தகரக் கொட்டகை.
குலையோடு ஏறினால் ஓர் எண்,
கொட்டிவிட்டுத் திரும்பினால் இன்னோர் எண்.
மொத்தத்தில் தேய்மானம் போக நிகரம் என்று
புத்தகம் அரைப்பக்கம் சுற்றிச் சொல்வதை
இந்த இரும்புத் தளம்
நாளைக்கு அறுபது தடவை சொல்கிறது.

இடைநிலைப் பேரியல் பொருளாதாரம்.
இரண்டாம் முறை எழுதுகிறேன்.

மற்றவை மாறாதிருக்க,
என்றுதான் எல்லாப் பத்தியும் ஆரம்பிக்கிறது.
இங்கே மாறாதது காதர் கடை விலைப்பலகை ஒன்றே.
மாவு விலை ஏறி இரண்டு மாதம்.
பலகை எழுதுகிறவன் நாற்பது வெள்ளி கேட்பான் என்று
பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.
ரொட்டி சானாய் மட்டும்
வாரத்துக்கு வாரம் உள்ளங்கைக்குள் சுருங்குகிறது.
விலை ஒட்டிக்கொள்ளும் என்பதை
நான் தட்டில் பார்த்துப் படித்தேன்.

மொத்த உள்நாட்டு உற்பத்திக்கும்
மொத்த தேசிய உற்பத்திக்கும் உள்ள வித்தியாசம்
எங்கள் வீட்டில் ஒரு காலிக் கட்டில்.
அண்ணன் துவாஸில் கப்பலுக்குப் பற்றவைக்கிறான்.
இங்கே எட்டாம் பிரிவில் குலை வெட்டுகிறவன் ரஃபிக்குல்.
அவன் சம்பளம் எந்த நாட்டுக் கணக்கு என்பது
மூன்று மதிப்பெண் கேள்வி.
பரிசாலில் அவன் கட்டிலும்
ஏறக்குறைய இதே அகலம்தான் இருக்கும்.

முப்பத்தோராம் பிளாக்கில் மறுநடவு.
இருபத்தைந்து வயது மரங்களை மண்வாரி சாய்க்கிறது.
வருடத்துக்கு நான்கு சதவீதத் தேய்மானம் என்று
ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.
கன்று காய்க்க மூன்று வருடம்.
என் பட்டமும் அங்கேதான் நிற்கிறது.

போன முறை நான்காம் கேள்வி:
கொள்கை மாறிய பிறகும் மக்கள் பழையபடியே நடப்பார்கள் என்று
எடுத்துக்கொள்வது ஏன் தவறு?
நான் பரஞ்சோதி அண்ணனை எழுதினேன்.
காய்க்குலைக்கு அபராதம் என்று ஆலை அறிவித்த வாரம்
லோரியின் மேற்புறமெல்லாம் பழுத்துச் சிவந்தது.
காய், நடுவயிற்றுக்குள் இறங்கிவிட்டது.
பழைய எண்களைப் பெருக்கி
இவ்வளவு வசூலாகும் என்று ஆபீஸ் எழுதிவைத்திருந்தது.
எட்டில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.
மூன்று பக்கம், மலாயில், விரல் மரத்துப்போகும்வரை.

பத்துக்கு இரண்டு.
பக்கத்தில் டாக்டர் ஃபௌசியாவின் சிவப்பு மை:
சமன்பாடு எங்கே?

நியாயமான கேள்விதான்.
ஆறு மாதமாக அதைத்தான் தேடுகிறேன்.
ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது.
எதிர்பார்ப்புக்குத் தலையில் ஒரு சிறிய e,
மழைத்துளி மாதிரி.

மணி ஒன்று ஐம்பது.
தளம் அதிர்கிறது. பரஞ்சோதி அண்ணன்.
புத்தகத்தைக் கவிழ்த்துவைத்து
கொக்கிக் கம்பியை எடுக்கலாமா என்று நான் நினைக்கும்போதே
சன்னலில் முகம்.

"பரீட்சை எப்ப, தங்கச்சி?"
"சனிக்கெழம. சிரம்பான்ல."
"அப்ப வெள்ளி ராத்திரி இங்க யாரு?"
"நோர்லிசா."

நோர்லிசா கம்பியை முழங்கைவரை விட்டுக் கிளறுகிறவள்.

அவர் கூரையைப் பார்த்தார்.
உதடு லேசாக அசைந்தது.
தாளில்லை, பென்சிலில்லை,
தலையில் e வைத்த எழுத்து எதுவுமில்லை.

"சரி, வெள்ளிக்கெழம
நல்ல குலையா ஏத்திக்கிறேன்" என்றார்.

நான் ரசீதை அச்சடித்தேன்.